ஆறு நாளில் எத்தனை ஊர்?

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில், மஃரிப் தொழுகைக்குப் பின் ஆற்றப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி, மருத்துவ உதவி, ஜகாத் கணக்கு என்று பேசுவோம். இந்த மாதம் குடும்பத்தோடு வெளிநாடு போய்வருவது பற்றிப் பேசப்போகிறோம் என்று பள்ளிவாசல் பலகையில் எழுதியதும், "உப்பளத்து ஊரில் இருந்துகொண்டு ஃபாரின் டூர் பேச்சா?" என்று சிலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஐப்பசி மழை இறங்கினால் மரக்காணத்து உப்பளங்களில் வேலை நின்றுவிடும். அந்த மூன்று மாதத்துக்கு அரசு கொடுக்கும் 5,000 ரூபாய் நிவாரணத்தை எதிர்பார்த்து அடுப்பு எரிக்கும் வீடுகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. அவர்களை மறந்துவிட்டு நாம் எதையும் பேச முடியாது.

ஆனாலும் பேச வேண்டிய காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உழைக்கிறார்கள். "அத்தாவையும் அம்மாவையும் ஒரு தடவையாவது வெளியே அழைத்துப் போக வேண்டும்" என்று பணம் அனுப்புகிறார்கள். நல்ல எண்ணம்தான். அந்த நேரம் பார்த்து, "ஆறு நாளில் மூன்று நாடு" என்று ஒரு நோட்டீஸ் கைக்கு வருகிறது. பிள்ளை அனுப்பிய பணம் போதவில்லை. மீதிக்கு வளையலை வட்டிக்கு அடகு வைக்கிறார்கள். அல்லது தவணைக் கடன் வாங்குகிறார்கள். சிலர் நம் பைத்துல்மாலுக்கே வந்து கர்ழ் ஹஸனா கேட்கிறார்கள். போய்வந்த பிறகு பார்த்தால் பெரியவருக்குக் கால் வீக்கம், குழந்தைக்குக் காய்ச்சல், வீட்டுக்குக் கடன். ஆகவேதான் இன்று இந்தப் பேச்சு.

போவதற்கு முன் ஒரு கணக்கு

பயணம் ஹலாலான காரியம். பூமியைச் சுற்றிப் பார்த்துப் படிப்பினை பெறச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. அதே மார்க்கம்தான் வீண் விரயத்தையும் வட்டியையும் தடுக்கிறது. ஆகையால் டிக்கெட் எடுப்பதற்கு முன் நான்கு கேள்விகளை வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். கொடுக்க வேண்டிய கடன் பாக்கி இருக்கிறதா? இந்த ஆண்டின் ஜகாத் கொடுத்தாயிற்றா? பிள்ளைகளின் அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்கு வழி இருக்கிறதா? நம்மீது ஹஜ் கடமையாகி நிற்கிறதா? இந்த நான்கிற்கும் பதில் சரியாக இருந்தால் தாராளமாகப் போய் வாருங்கள். ஒன்று இடறினாலும் அதை முதலில் முடியுங்கள். பயணம் அடுத்த ஆண்டும் இருக்கும்.

பணம் முழுதும் கைக்கு வந்த பிறகே டிக்கெட் என்பதை ஒரு சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பைத்துல்மாலில் உள்ள பணம் மருத்துவத்துக்கும் படிப்புக்கும் உள்ளது. சுற்றுலாவுக்கு அதிலிருந்து கொடுப்பதில்லை என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். யாரும் வருத்தப்படக் கூடாது.

மூன்று நாடு என்ன ஆகிறது?

நோட்டீஸில் இருக்கும் ஆறு நாளைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மூரிலிருந்து சென்னை விமான நிலையம் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும். விமானம் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும். இரவு 11 மணி விமானம் என்றால் மாலை 5 மணிக்கே வீட்டைப் பூட்ட வேண்டும். ஆக, முதல் நாள் முடிந்தது.

விமானம் ஏறக்குறைய நான்கு மணி நேரம் பறக்கும். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. நம் கணக்கில் விடியற்காலை 3 மணி, அங்கே 5.30. யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். ஹோட்டல் அறையோ மதியம் 2, 3 மணிக்குத்தான் கிடைக்கும். இரண்டாம் நாள் பாதி தூக்கத்தில் போகும். மூன்றாம் நாள் பஸ்ஸில் கோலாலம்பூர். ஐந்தாறு மணி நேரப் பயணம். வழியில் இரண்டு நாட்டுச் சோதனைச் சாவடியிலும் பெட்டியோடு இறங்கி ஏற வேண்டும். நான்காம் நாள் ஒன்றுதான் முழுதாகக் கையில் நிற்கிறது. ஐந்தாம் நாள் மறுபடி விமான நிலையம், பாங்காக். ஆறாம் நாள் ஊர் திரும்பல். ஆறு நாளுக்குப் பணம் கட்டி, நாம் நிம்மதியாக இருந்தது ஒரே நாள்!

இன்னொரு கணக்கும் பாருங்கள். இந்தியாவை விட்டு வெளியேறும்போது ஒரு வரிசை. மூன்று நாட்டிலும் நுழையவும் வெளியேறவும் ஆறு வரிசை. திரும்ப இந்தியாவுக்குள் நுழைய ஒன்று. மொத்தம் எட்டு குடிநுழைவு வரிசைகள். வீட்டில் ஐந்து பேர் என்றால் நாற்பது முறை பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டும். ஒரே நாடு என்றால் நான்கு வரிசையோடு முடிந்தது. முட்டி வலிக்கும் தாயாருக்கும் கைக்குழந்தை வைத்திருக்கும் மருமகளுக்கும் இந்த வித்தியாசம் எவ்வளவு என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாத்தியில் கட்டிய நீர் அசையாமல் நின்று வெயில் வாங்கினால்தான் உப்பு பூக்கும். நமக்குத் தெரியாத விஷயமா? குறைந்த நாள் இருக்கும்போது ஒரே ஊரில் நின்று பாருங்கள். அப்போதுதான் மனதில் ஏதாவது தங்கும்.

ஒரு ஊர் என்றால் எந்த ஊர்?

எங்களைக் கேட்டால் முதலில் பினாங்கைச் சொல்வோம். அது நமக்கு அந்நியமான ஊரல்ல. நம் பக்கத்து ஆலம்பரைக் கோட்டையை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். கர்நாடக நவாபுகள் காலத்தில் அந்தத் துறையிலிருந்து உப்பும் நெய்யும் ஜரிகைத் துணியும் கப்பலேறின. பரங்கிப்பேட்டை, நாகூர், நாகப்பட்டினம் என்று இந்தக் கரை நெடுக இருந்த நம் முன்னோர் கடல் கடந்து வியாபாரம் செய்தார்கள். 1786-இல் ஆங்கிலேயர் பினாங்கில் துறைமுகம் திறந்ததும் அங்கே போய்க் கடை போட்டவர்களில் தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். அவர்களைச் சூலியா என்று அழைத்தார்கள். ஜார்ஜ் டவுனில் இன்றும் சூலியா தெரு இருக்கிறது.

அங்குள்ள கபித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-இல் உருவானது. கெலிங் என்பது தென்னிந்தியர்களைக் குறிக்க அக்காலத்தில் அங்கே வழங்கிய சொல். அந்தச் சமூகத்தின் தலைவராக நியமிக்கப்பட்ட காதர் மைதீன் மரைக்காயர் அந்தப் பள்ளி எழக் காரணமாக இருந்தவர். பினாங்கில் மெரிக்கன் என்று குடும்பப் பெயர் வைத்திருப்பவர்களைப் பார்க்கலாம். அது மரைக்காயர் என்பதன் மருவல்தான். நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களின் பெயரால் அங்கேயும் ஒரு தர்கா இருக்கிறது. 2008-இல் ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. பிள்ளைகளை அழைத்துப் போனால், "நம் ஆட்கள் கட்டியது" என்று விரல் நீட்டிக் காட்டலாம். பாடப் புத்தகத்தில் கிடைக்காத படிப்பு அது.

அன்று ராஜுலா கப்பலில் போனவர்களும் பிறகு எம்.வி. சிதம்பரத்தில் போனவர்களும் நாள் கணக்கில் கடலில் கிடந்து போய்ச் சேர்ந்தார்கள். 1985-இல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் வழி நின்றுபோயிற்று. இப்போது விமானத்தில் சில மணி நேரம். 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கே நேரடி விமானமும் தொடங்கியது. நீங்கள் போகும் தேதியில் அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் இறங்கி வேறு வண்டி பிடித்தால் அதற்கே ஐந்து மணி நேரம் போய்விடும்.

பருவமும் நமக்கு ஒத்துவருகிறது. சித்திரை வைகாசியில் உப்பு வாரும் காலம். அளத்தை விட்டு நகர முடியாது. மார்கழியில் வேலை ஓய்ந்திருக்கும், பிள்ளைகளுக்கும் அரையாண்டு விடுமுறை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பினாங்கில் மழை குறைவு. ஆனால் டிசம்பர் கடைசி வாரத்தில் டிக்கெட் விலை ஏறும். ஆகையால் மூன்று நான்கு மாதம் முன்பே எடுத்து வைப்பது நல்லது.

ஆறு நாளை எப்படி வைத்துக்கொள்வது?

போய்ச் சேரும் நாளில் எந்தத் திட்டமும் வேண்டாம். அறைக்குப் போய்த் தூங்குங்கள். மாலையில் கபித்தான் கெலிங் பள்ளியில் மஃரிப் தொழுதுவிட்டுச் சாப்பிட்டால் போதும். அதற்கு வசதியாக ஜார்ஜ் டவுனின் பழைய பகுதியிலேயே அறை எடுங்கள். அறை வாடகை சற்றுக் கூடினாலும் வண்டிச் செலவு மிச்சமாகும். பெரியவர்கள் அசந்தால் பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம்.

இரண்டாம் நாள் காலை பழைய ஊரை நடந்தே பாருங்கள். சூலியா தெரு, நாகூர் தர்கா, 1808-இல் கட்டிய லெபு ஆச்சே பள்ளிவாசல், தமிழ்க் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியா எல்லாம் அருகருகே உள்ளவை. பள்ளிவாசலும் மாரியம்மன் கோயிலும் சீனர் கோயிலும் கிறிஸ்தவ தேவாலயமும் ஒரே தெருவையொட்டி இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பதினோரு மணிக்குள் முடித்துவிட்டு லுஹர் தொழுது, வெயில் தாழும்வரை அறையில் இருங்கள்.

மூன்றாம் நாள் பினாங்கு மலை. 1923-இல் திறந்த மலை ரயில் இருக்கிறது. இப்போது வண்டி புதியது. சில நிமிடங்களில் உச்சிக்குக் கொண்டுபோய் விடும். காலையிலேயே போய்விட்டால் வரிசை குறைவு. முட்டி வலிக்காரருக்கும் மலை பார்க்கக் கிடைக்கும். மாலையில் அடிவாரத்துப் பக்கம் உள்ள தாவரவியல் தோட்டம்.

நான்காம் நாள் கடற்கரை. "மரக்காணத்தில் இல்லாத கடலா?" என்று கேட்பீர்கள். பிள்ளைகள் கேட்க மாட்டார்கள்! போகும் வழியில் தஞ்சோங் பூங்காவில் கடல்மேல் நிற்கும் பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே தொழுதுவிட்டு பத்து ஃபெரிங்கி கரையில் மாலைவரை இருக்கலாம்.

ஐந்தாம் நாளைக் காலியாக விடுங்கள். இதை வற்புறுத்திச் சொல்கிறோம். யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் அந்த நாள் தாங்கும். மழை பெய்து மலை தவறிப்போயிருந்தால் அன்று போகலாம். எதுவுமில்லையென்றால், அத்தாவும் அம்மாவும் பேரப்பிள்ளைகளோடு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளை வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியதே அதற்காகத்தானே! ஆறாம் நாள் ஊர் திரும்பல்.

சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை. பினாங்கின் பேர்போன உணவான நாசி கண்டார் தமிழ் முஸ்லிம்கள் கொடுத்தது. நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் வைத்துச் சுமக்கும் காவடித் தண்டு. சோற்றையும் கறிக்குழம்பையும் அப்படிச் சுமந்து தெருத் தெருவாக விற்றதால் வந்த பெயர். தட்டில் எடுக்க எடுக்க விலை ஏறும். மீன், இறால் வைக்கும் முன் விலை கேட்டுக்கொள்ளுங்கள்.

தொழுகை

ஊர் ஊராக ஓடும் பயணத்தில் முதலில் அடிபடுவது தொழுகை. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போகும். ஃபஜ்ர் விமான நிலையத்தில் போகும். ஒரே ஊரில் தங்கினால் பள்ளிவாசல் பக்கத்திலேயே இருக்கும், ஜமாஅத்தும் ஜும்ஆவும் கிடைக்கும்.

கஸ்ர் பற்றியும் கேட்டிருந்தீர்கள. ஷாஃபிஈ மத்ஹபில், போய்ச் சேரும் நாளும் கிளம்பும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாள் ஓர் ஊரில் தங்குவதாக நிய்யத் இருந்தால் அங்கே முழுத் தொழுகை. நாம் சொன்ன திட்டத்தில் இடையில் நான்கு முழு நாள் வருகிறது. எனவே ஷாஃபிஈகள் வழிப்பயணத்தில் மட்டும் சுருக்கித் தொழுவார்கள். ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாள் தங்கும் நிய்யத் இருந்தால்தான் முழுத் தொழுகை. அதனால் ஹனஃபிகள் ஆறு நாளும் கஸ்ர் செய்வார்கள். இரண்டு மத்ஹபும் கலந்த குடும்பங்கள் கிளம்பும் முன் இமாம் அவர்களிடம் விளக்கம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர், உம்ரா

பிள்ளை சிங்கப்பூரில் இருந்தால் சிங்கப்பூர் மட்டும் போங்கள். அங்கும் தெலோக் ஆயர் தெருவில் 1828 முதல் 1830-க்குள் கட்டிய நாகூர் தர்கா இருக்கிறது. இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக நடக்கிறது. சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். பிள்ளை வேலை முடிந்து வரும் மாலை நேரங்களையே பயணத்தின் முக்கிய நேரமாக வையுங்கள்.

உம்ரா போகிறவர்களுக்கும் இதே பேச்சுதான். "உம்ராவுடன் துபாய்", "உம்ராவுடன் துருக்கி" என்று சேர்த்து விற்கிறார்கள். பெரியவர்களோடு போகிறவர்கள் மக்கா, மதீனா இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு நகருக்கும் இடையே ஏறக்குறைய 450 கிலோமீட்டர். 2018-இல் தொடங்கிய ஹரமைன் ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். முதலில் மதீனாவில் இறங்கும் பயணம் கிடைத்தால் பெரியவர்களுக்கு இலகு. விமானக் களைப்புத் தீர்ந்தபின் துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டி மக்கா செல்லலாம். ஸஃபா மர்வா ஏழு சுற்று மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும். ரவ்ளா ஷரீஃபில் தொழ நுசுக் செயலியில் நேரம் பதிய வேண்டும். மூளைக்காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கிளம்பாதீர்கள்.

காகிதமும் எச்சரிக்கையும்

பாஸ்போர்ட் திரும்பும் நாளுக்கு அப்பாலும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட். சிறுவர்களுக்கு அது ஐந்தாண்டுதான். பெயரில் இனிஷியலை விரித்து எழுதுவதில் நம் சமுதாயத்தில் குழப்பம் அதிகம். ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் டிக்கெட்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டை விசிட் விசாவுக்கு ஏற்பதில் ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்ததை நினைவில் வையுங்கள்.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம். இந்தச் சலுகை காலம் குறித்து நீட்டிக்கப்பட்டு வருவது. டிக்கெட் எடுக்கும் முன் நடப்பு நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட விவரமும் கையில் இருக்கட்டும். சிங்கப்பூருக்கு விசா வேண்டும்.

வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு ஏஜென்ட் வருமான வரியை முன்கூட்டி வசூலிப்பார். பான் எண் கொடுத்து ரசீது வாங்கி வைத்தால் வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், கூடுதலானதைத் திரும்பப் பெறலாம். பலர் இதை அறியாமல் விட்டுவிடுகிறார்கள்.

பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள். மருந்தை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். கசகசாவும் அது அரைத்த மசாலாவும் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் தடை. பெட்டியில் ஒரு கைப்பிடி இருந்தாலும் வம்பு. பக்கத்து வீட்டார் கொடுத்தாலும் சரி, பிரித்துப் பார்க்காத பொட்டலத்தை வாங்காதீர்கள். போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை உள்ள நாடுகள் அவை. சுற்றுலா என்று அனுப்பி, "அங்கே போய் வேலை பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது உங்கள் பிள்ளைக்கு ஆசை காட்டினால் உடனே எங்களிடம் வாருங்கள். அப்படிப் போகிறவர்களுக்குக் கிடைப்பது சிறையும் நாடு கடத்தலும்தான்.

கடைசியாக ஒன்று

போய்வந்தபின் படங்களைத் தெருவெல்லாம் காட்டாதீர்கள். உங்கள் பிள்ளையோடு படிக்கும் பிள்ளையின் தகப்பனார் அந்த மாதம் வேலையின்றி உட்கார்ந்திருக்கலாம். மூன்று நாட்டை ஒரு ஊராகக் குறைத்ததில் உங்களுக்கு ஒரு தொகை மிச்சமாகியிருக்கும். அதில் ஒரு பங்கை மழைக்கால உணவுப் பொருள் உதவிக்கு ஒதுக்குங்கள். உங்கள் தாயார் கால் வலியில்லாமல் போய்வருவார். பக்கத்து வீட்டில் அடுப்பும் எரியும்.

பயணம் கிளம்பும் குடும்பங்கள் எந்த நாளும் இஷாவுக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். பாஸ்போர்ட், டிக்கெட், ஏஜென்ட்டின் ஒப்பந்தம் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம். அதற்கு எந்தக் கட்டணமும் இல்லை.

நம் பயணங்களை எளிதாக்கி, நம் பெற்றோரின் மனங்களைக் குளிரவைத்து, கடனிலும் வட்டியிலும் விழாமல் நம் குடும்பங்களை அல்லாஹ் காப்பாற்றுவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.